கத்திரிக்காய்க்குக் காவல் இருந்த மூன்று பேர்

மலைக்குக் கீழே மூங்கிலோடை என்று ஓர் ஊர். அந்த ஊரில் புத்திசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள். காலையில் எழுந்தார்கள், வேலையைப் பார்த்தார்கள், இருட்டியதும் படுத்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றுமில்லை. ஊரின் கடைசி வீட்டில், காடு தொடங்குகிற இடத்தில், அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

மூத்தவர் சென்னியப்பன். யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார். அவர் யோசிப்பதில்தான் ஆபத்தே இருந்தது. நடுவிலே காளியண்ணன். அண்ணன் எதைச் சொன்னாலும் "அதான் சரி" என்பது அவருடைய பொறுப்பு. கடைசி சின்ராசு. மீசை நரைக்க ஆரம்பித்த பிறகும் சந்தேகம் கேட்பதை அவன் நிறுத்தவில்லை. மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கக் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் ஒழுங்காகப் போனார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் எழுந்து வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே தங்கை, பூங்கொடி. தாராபுரம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்த மூளை முழுவதும் அவளோடு சீர்வரிசையாகப் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

தைப் பொங்கலுக்கு வந்த பூங்கொடி, திரும்பிப் போகிற அன்று வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணா, என் மாமியார் தினமும் குத்திக் காட்டுறாங்க."

"எதாலம்மா குத்துறாங்க? காயம் ஆழமா?" என்று காளியண்ணன் பதறினார்.

"பேச்சுலதாண்ணா. 'உங்க அண்ணன்களுக்கு ஒரு கத்திரிச்செடி வெச்சு வளர்க்கத் தெரியுமா? அந்த லட்சணத்துல இருக்கிற வீட்டுப் பொண்ணைத்தானே எடுத்திருக்கோம்'னு சொல்றாங்க. சோறே இறங்க மாட்டேங்குது. சித்திரைக் கடைசியில அவங்களை இங்க கூட்டிட்டு வர்றேன். நம்ம தோட்டத்துல காய்ச்ச கத்திரிக்காயில குழம்பு வெச்சு அவங்க வாயை அடைக்கணும்."

சின்ராசு கொஞ்சம் யோசித்தான். "வாயை அடைக்கணும்னா எவ்வளவு பெரிய கத்திரிக்கா வேணும்?"

சென்னியப்பன் அவனை அடக்கிவிட்டு, தங்கையின் தலையில் கை வைத்தார். "நீ நிம்மதியாப் போயிட்டு வா சாமி. உனக்காக நாங்க தோட்டம் போடுறோம். உயிரே போனாலும் போடுறோம்."

மூன்று பேரும் அழுதார்கள். பஸ் கிளம்பிப் போன பிறகும் அழுதார்கள். அடுத்த பஸ் வந்ததும், அதில் ஏறுகிறவர்களுக்கும் சேர்த்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் கட்டாந்தரையாகக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து ரங்கநாயகி அக்கா கைராசிக்காரி. அவள் நட்டால் விறகுக்குச்சிகூடத் துளிர்க்கும். ஆனால் பொறுமை கிடையாது. கேட்டதற்கு ஒரு வரி பதில் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இவர்கள் அரை நாள் பேசுவார்கள்.

"முதல்ல மண்ணுக்கு நல்லா வெயில் காட்டுங்க" என்றாள் அவள்.

மூன்று பேரும் காலி இடத்தில் நின்று தரையையே பார்த்தார்கள்.

"பெரியண்ணா, மண்ணுக்குக் கண்ணு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டான் சின்ராசு.

"மேல்பக்கமாத்தான் இருக்கும்."

"மேல்பக்கம் இருந்தா அதுவே வெயிலைப் பாத்திருக்குமே. நாம எதுக்குக் காட்டணும்?"

இந்தக் கேள்வி சென்னியப்பனைக் கலக்கிவிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். பிறகு எழுந்தார். "அப்படின்னா கண்ணு கீழ்ப்பக்கம்தான் இருக்குது. பாவம், இத்தனை காலமும் இருட்டுல கிடந்திருக்குது."

"அதான் சரி" என்றார் காளியண்ணன்.

கடப்பாரையால் ஒவ்வொரு கட்டியாகப் பெயர்த்தார்கள். இரண்டு கையாலும் தூக்கி, அடிப்பக்கத்தை வானத்தை நோக்கித் திருப்பி, "அதோ பாரு, அதான் வெயில்" என்று பொறுமையாகச் சொன்னார்கள். சின்னக் கட்டிகளுக்குச் சரியாகப் புரியாது என்று அவற்றுக்கு இரண்டு தடவை சொன்னார்கள். எல்லாக் கட்டிக்கும் சொல்லி முடிக்க மாசி பிறந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த ரங்கநாயகி, மண் பொலபொலவென்று புரண்டு கிடப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"பரவாயில்லையே! இனி குழிக்குக் குழி எரு போடுங்க. பச்சை எரு ஆகாது. நல்லா மக்குனதாப் பாத்து இறக்குங்க."

அவள் போனதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மள்ல நல்ல மக்கு யாரு?" என்றார் சென்னியப்பன்.

"நான்தான்" என்றான் சின்ராசு. "வாத்தியார் என்னைத்தான் பள்ளிக்கூடத்துலேயே பெரிய மக்குன்னு சொன்னார்."

காளியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை அவர் அப்படிச் சொன்னது நீ பொறக்கிறதுக்கு முன்னாடி. அனுபவம்னு ஒண்ணு இருக்குதா இல்லையா?"

"டேய், மூத்தவன் நான் இருக்கறப்ப இதுல உங்களுக்குள்ள என்ன போட்டி?" என்று சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குழியை வெட்டி அதில் இறங்கினார். தம்பிகளுக்கு மனசு கேட்கவில்லை. ஆளுக்கொரு குழி வெட்டி அவர்களும் இறங்கி, முழங்கால்வரை மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டார்கள். வெயில் ஏறியது. மக்கியது போதுமா என்று அவ்வப்போது ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

ரங்கநாயகி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். தன் வீட்டு எருக்குழியிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து அவர்கள் காலைச் சுற்றிக் கொட்டிவிட்டுப் போனாள்.

"நம்ம தைரியத்துக்கு மரியாதை பண்ணிட்டுப் போறாங்க" என்றார் சென்னியப்பன்.

மறுநாள் அவளே கத்திரி நாற்றும் கொடுத்தாள். "நெருக்கமா வெச்சுறாதீங்க. தள்ளித் தள்ளி நடுங்க."

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சென்னியப்பன் குனிந்து நட்டார். காளியண்ணன் பின்னால் நின்று அவரைத் தள்ளினார். காளியண்ணனைத் தள்ளுவதற்குச் சின்ராசு நின்றான். ஒவ்வொரு தள்ளுக்கும் பெரியவர் நாலடி பாய்ந்து போய் விழுந்தார். விழுந்த இடத்தில் கையிலிருந்த நாற்றை ஊன்றினார். மூக்கில் மண், நெற்றியில் மண்.

"கஷ்டமா இருக்குதாண்ணா?"

"தங்கச்சிக்காகடா. தள்ளு!"

நாற்று ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியில் நின்றது.

"சாயங்காலமானாத் தவறாம தண்ணி காட்டுங்க" என்று வேலைக்கு நடுவில் குரல் கொடுத்தாள் ரங்கநாயகி. வெயில் காட்டியே அனுபவப்பட்டவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? குடம் நிறையத் தண்ணீர் மொண்டு, ஒவ்வொரு செடிக்கும் எதிரில் குனிந்து காட்டிவிட்டு, ஒரு சொட்டு குறையாமல் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றினார்கள். ஒழுங்காக ஊற்றினார்கள் என்று சொல்ல முடியாது. சின்ராசு வரப்புக்கு வரப்பு தடுக்கி விழுந்து குடத்தைக் கவிழ்த்தான். அவன் விழுந்த இடத்திலெல்லாம் செடி தழைத்தது. மற்ற இடத்தில் வாடியது.

"பாத்தியா? நீ தண்ணியைச் சிந்துற இடத்துல மட்டும் செடி இப்படித் தாறுமாறா வளருது. ஒரே சீரா இருக்க வேண்டாமா?" என்று அண்ணன்மார் திட்டினார்கள். சின்ராசு வெட்கப்பட்டு, இன்னும் கவனமாக நடந்தான். கவனமாக நடந்தால் அவன் இரண்டு மடங்கு விழுவான். பங்குனி முடிவதற்குள் தோட்டம் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஊதா நிறத்தில் பூவும் வைத்தது.

பூ வைத்ததும் காட்டுக்குத் தகவல் போய்விட்டது.

முதலில் வந்தது மயில். தோகையை இழுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வருவதுபோல நடந்து வந்து கொழுந்தைக் கொத்த ஆரம்பித்தது. காளியண்ணன் கல்லை எடுத்தார். சென்னியப்பன் அவர் கையைப் பிடித்தார்.

"டேய், அது யாரு வண்டின்னு தெரியுமா? முருகனோட வண்டிடா. வண்டி இங்க நின்னா, சாமி பக்கத்துலதான் எங்கியோ இறங்கியிருக்கார்னு அர்த்தம்."

"எங்க போயிருப்பார்?"

"டீ குடிக்கப் போயிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று பேரும் துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பி நின்றார்கள். மயில் ஒரு வரிசையைத் தின்று முடித்தது. சாமி வரவில்லை. "டீக்கடையில நெரிசல் நேரமா இருக்கும்" என்று சொல்லிக் கலைந்தார்கள்.

ரங்கநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆளு நிக்கிற மாதிரி ஒரு பொம்மையாவது வையுங்கடா!"

வைக்கோலைத் திணித்துப் பொம்மை செய்து, சென்னியப்பனுடைய சட்டையையும் தலைப்பாகையையும் மாட்டி நடுவில் நிறுத்தினார்கள். அச்சு அசலாக அவரைப் போலவே இருந்தது. சட்டையில்லாமல் வீட்டுக்குள் நுழைந்த சென்னியப்பனைத் தம்பிகள் இருவரும் மறித்தார்கள்.

"யாருய்யா நீ? எங்கண்ணன் தோட்டத்துல நிக்கறப்பவே வீட்டுக்குள்ள வர்றியா?"

"டேய், நான்தாண்டா சென்னியப்பன்!"

"அவரையே கேட்டுருவோம்" என்று காளியண்ணன் பொம்மையிடம் போனார். "அண்ணா, இந்த ஆளு உங்க பேரைச் சொல்லிட்டுத் திரியறாரு. உள்ள விடலாமா?" பொம்மை வாய் திறக்கவில்லை.

"கோவமா இருக்காரு" என்றான் சின்ராசு. "விட வேண்டாம்."

சென்னியப்பனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. போய்ப் பொம்மையின் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்போது மயில் பறந்து வந்து பொம்மையின் தலைப்பாகைமேல் உட்கார்ந்தது. தம்பிகள் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். அண்ணன் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாரே என்று அவர்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சென்னியப்பனும் விழுந்து கும்பிட்டுவிட்டு, பொம்மையின் சட்டையை மரியாதையோடு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் அவருக்குச் சோறு கிடைத்தது.

மயிலாவது கொழுந்தோடு நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்தது மொட்டைவாலன். அந்தக் காட்டில் தனியாகத் திரிகிற காட்டுப்பன்றி அது. எந்தக் காலத்திலோ யாரிடமோ வாலைப் பறிகொடுத்திருந்தது. செடியைத் தின்னாது, வேரோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போகும்.

"பன்னிக்கு மோப்பம் ஜாஸ்தி" என்றாள் ரங்கநாயகி. "தோட்டத்து ஓரமா மனுச முடி கிடந்தாக் கிட்ட வராது." சலூனில் கேட்டால் சாக்கு நிறைய வெட்டிய முடி கொடுப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டாள்.

"முடி கிடக்கணும்னா, நாம கிடக்கணும்" என்றார் சென்னியப்பன். பொழுது சாய்கிற நேரத்தில் மூன்று பேரும் தலையை வெளிப்பக்கம் நீட்டி, தோட்டத்தைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக மல்லாந்து கிடந்தார்கள். நாலாவது பக்கத்துக்கு ஆள் இல்லை. அந்தப் பக்கம் ஒரு சீப்பை வைத்தார்கள்.

மொட்டைவாலன் வந்தது. சென்னியப்பன் தலையில் மணக்க மணக்கத் தேங்காயெண்ணெய். அது நின்று நிதானமாக நக்க ஆரம்பித்தது. கண்ணை மூடிப் படுத்திருந்த சென்னியப்பன் நெகிழ்ந்துபோனார். "தம்பி, பாசமெல்லாம் இருக்கட்டும். இப்பக் காவல் நேரம். போய் உன் இடத்துல படு" என்றார். எண்ணெய் தீர்ந்ததும் பன்றி சீப்பைத் தாண்டி உள்ளே போய், இரண்டு செடியைக் கிளப்பிப் போட்டுவிட்டுத் திரும்பியது.

அதற்குள் சித்திரையும் முடிகிற நேரம் வந்துவிட்டது. மிச்சமிருந்த செடிகளில் காய் பளபளவென்று தொங்கியது. மறுநாள் காலை மாமியாரோடு வருவதாகப் பூங்கொடி போன் பண்ணினாள். ஓர் இரவு தாங்கினால் போதும். சென்னியப்பன் ரங்கநாயகி வீட்டு வாசலில் போய் நின்று, "அக்கா, எங்க தங்கச்சி மானம் உங்க கையிலதான் இருக்குது" என்றார்.

அவளுக்கும் இரக்கம் வந்துவிட்டது. தன்னிடமிருந்த மூங்கில் படல்களை, பின்னிய வேலித் தட்டிகளை, எடுத்துக் கொடுத்தாள். "இதுகளை ஒண்ணோட ஒண்ணு இறுக்கிக் கட்டித் தோட்டத்தைச் சுத்தி அடைச்சிருங்க. எலி நுழையற சந்துகூட இருக்கக் கூடாது."

கம்பு நட்டு அதில் படலைக் கட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நின்று கட்ட வேண்டும் என்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் உள்ளே நின்று சுற்றிலும் கட்டி முடித்தார்கள். எலி நுழையற சந்துகூட இல்லை.

"சின்ராசு, நீ பன்னி மாதிரி வெளிய போயி உள்ள வரப் பாரு. வேலி எப்படி இருக்குதுன்னு சோதிப்போம்."

சின்ராசு சுற்றிச் சுற்றி வந்தான். "வெளிய போகவே முடியலைண்ணா."

"அப்படின்னா வேலி அருமையா அமைஞ்சிருக்குது" என்று மூவரும் கத்திரிச் செடிகளுக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் பூங்கொடி மாமியார் வஞ்சியம்மாளோடு வந்து இறங்கினாள். வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. பின்பக்கம் போனால், படலுக்குள்ளே மூன்று பேரும் வரிசையாக நின்று, "வாங்க அத்தை, வாங்க" என்று கும்பிட்டார்கள்.

வஞ்சியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "என்ன தப்புப் பண்ணினாங்க? யாரு அடைச்சு வெச்சது?"

"நாங்களேதான் அத்தை!" என்றார் சென்னியப்பன் பெருமையாக.

காய்களைப் பறித்துப் படலுக்கு மேலாகக் கொடுத்தார்கள். பூங்கொடி வாங்கிப் போய் வாசம் தெருவைத் தூக்குகிற மாதிரி எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். வஞ்சியம்மாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். பேசாமல் இன்னொரு வாய் வைத்தார். பிறகு தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். பூங்கொடிக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உங்க அண்ணன்களையும் சாப்பிடக் கூப்பிடு. கிறுக்கனுங்களா இருந்தாலும் காய் வளர்க்கத் தெரிஞ்சவனுங்க" என்றார்.

பூங்கொடி அரிவாளை எடுத்துக்கொண்டு படலைக் கட்டியிருந்த கயிற்றை அறுக்கப் போனாள். சென்னியப்பன் அலறிவிட்டார். "வேலியை அறுக்கிறதா? பன்னிக்கு நீயே வழி விடுறியா? நாங்க வேலியை விட்டு வரமாட்டோம். வேலியோட வர்றோம்."

"அதான் சரி" என்றார் காளியண்ணன்.

மூவரும் உள்ளிருந்தபடியே ஆளுக்கொரு பக்கம் படலைப் பிடித்துத் தூக்கினார்கள். ரங்கநாயகி வந்து நான்காவது பக்கத்தைத் தாங்கிக் கொடுத்து, வாசலில் இறக்கி வைத்துவிட்டு, இனி இந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை என்று போய்விட்டாள்.

"அண்ணா, தோட்டத்துக்கு இப்ப வேலி இல்லையே?" என்றான் சின்ராசு.

"வேலி இங்க இருக்குதில்ல? எங்க வேலி இருக்குதோ அதான் தோட்டம். சாப்பிடு."

பூங்கொடி படலுக்கு மேலாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்போது பின்பக்கம் சரசரவென்று சத்தம். திறந்து கிடந்த செடிகளை முடித்துவிட்டு, குழம்பு வாசத்தைப் பிடித்துக்கொண்டு மொட்டைவாலன் வாசலுக்கு வந்துவிட்டது.

"ஐயோ, பன்னி!" என்று வஞ்சியம்மாள் கட்டில்மேல் ஏறி நின்றார்.

"அத்தை, பயப்படாம உள்ள வாங்க!" அண்ணன் தம்பிகள் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். வஞ்சியம்மாள் தட்டோடு குனிந்து நுழைந்தார். பூங்கொடியும் கரண்டியோடு நுழைந்தாள். படல் இறங்கியது. மொட்டைவாலன் படலை ஒரு சுற்று முகர்ந்து பார்த்தது. சந்து இல்லை. திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் போய்விட்டது. அடுப்படியில் சட்டி உருளுகிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "எல்லாரும் பிடிங்க. தூக்குங்க. மெதுவா நடங்க." ஐந்து பேரும் படலுக்குள் இருந்தபடியே அடிமேல் அடி வைத்துக் கதவுவரை போனார்கள். சின்ராசு படலுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டான்.

"முடிஞ்சுது!" என்றார் சென்னியப்பன். "இனி பன்னியால ஒரு தொந்தரவும் இல்லை."

வஞ்சியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. தட்டில் மிச்சமிருந்த கத்திரிக்காயை வாயில் போட்டுக்கொண்டு, சாத்திய கதவையும் தன்னைச் சுற்றியிருந்த படலையும் பார்த்தார். உள்ளே இருந்த இன்னொரு கட்டிலில் ஏதோ தொம்மென்று ஏறிப் படுக்கிற சத்தம் கேட்டது.

"சரிப்பா. அது வீட்டுக்குள்ள படுத்துக்கிச்சு. நாம எங்க போயித் தங்குறது?"

"இது ஒரு கவலையா அத்தை?" என்றார் சென்னியப்பன், படலை மறுபடியும் தூக்கிக் கிழக்கே மலைப்பக்கம் திருப்பியபடி. "அதோட காடு காலியாத்தானே கிடக்குது!"